அது ஈசல் இல்லை, டீச்சர்



போன ஞாயிற்றுக்கிழமை நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஒரு படம் போட்டிருந்தார். ஆற்றுப்பாலத்து விளக்குக் கம்பத்துக்குக் கீழே தரையெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூச்சி. "நேத்து ராத்திரி நம்ம ஊர்ல ஈசல் மழை" என்று எழுதியிருந்தார். கீழே வழக்கம்போலப் பதில்கள். "வறுத்துத் தின்னியாடே?" என்று ஒருத்தர். "பொரியரிசி சேத்துக்கோ" என்று இன்னொருத்தர். ஒருத்தி மட்டும், "ஈசலுக்கு ஒரு நாள்தான் ஆயுசுன்னு டீச்சர் அஞ்சாங் கிளாஸ்ல சொல்லித் தந்தது இன்னும் ஞாபகம் இருக்கு" என்று என்னையும் உள்ளே இழுத்துவிட்டாள்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரமாக ஒரு பூச்சி தெளிவாக விழுந்திருந்தது. இறக்கை இரண்டும் முதுகுக்கு மேலே ஒட்டி நிமிர்ந்து நிற்கிறது. பின்னால் மயிரிழை மாதிரி மூன்று வால்.

பிள்ளைகளா, அது ஈசல் இல்லை. உங்களுக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தது நான்தான். ஒரு வருடம் இல்லை, இருபது வருடத்துக்கு மேல் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதைத் திருத்தத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காபி ஆறுவதற்குள் படித்து முடிக்க முடியாது, மன்னிக்கவும்.

1991-ல் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போது தாமிரபரணிக் கரையில் ஒரு ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் வேலை. ஐந்தாம் வகுப்பு. "ஆளுக்கொரு பூச்சி கொண்டு வாங்க, யாரும் கடிக்கிறதைக் கொண்டு வரக்கூடாது" என்று சொல்லியிருந்தேன். பொன்வண்டு, வெட்டுக்கிளி, தட்டான் என்று தீப்பெட்டி தீப்பெட்டியாக வந்தது. ஒரு பையன், மெலிந்த உருவம், எப்போதும் கடைசி வரிசை, அவனும் ஒரு தீப்பெட்டி கொண்டுவந்தான். திறந்தால் வெள்ளையாக ஒரு பூச்சி. "ஈசல். நல்லது, உட்காரு" என்றேன்.

அவன் உட்காரவில்லை. "இது ஈசல் இல்ல டீச்சர். ஈசலுக்கு வால் கிடையாது. இதுக்கு மூணு வால். ஈசல் புத்துல இருந்து வரும். இது ஆத்துல இருந்து வருது. நான் பாத்திருக்கேன்" என்றான்.

பயிற்சிப் பள்ளியில் எழுதிய என் நோட்டில், "மேஃப்ளை, ஒரு நாள் வாழும் பூச்சி, ஈசல்" என்று ஒரே வரியில் இருந்தது. அதை நான் எந்தப் பூச்சியோடும் ஒப்பிட்டுப் பார்த்ததில்லை. அன்றைக்கு ஏதோ கோபம் வேறு. "என்னைவிட உனக்குத்தான் தெரியுமோ?" என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் திரும்பவும், "மூணு வால் டீச்சர், எண்ணிப் பாருங்க" என்றான். எதிர்த்துப் பேசுகிறான் என்று அடிஸ்கேலால் கையில் இரண்டு வைத்தேன். தீப்பெட்டியை ஜன்னல் வழியாக வெளியே போடச் சொன்னேன். போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான். அந்த வருடம் முழுக்க அவன் கை தூக்கி எதையும் கேட்கவில்லை. அப்போது அது எனக்கு வசதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இது எனக்கு மறந்தே போயிருந்தது. 33 வருடம் கழித்து, கடல் தாண்டி, ஒரு ஆற்றங்கரையில் ராத்திரி எட்டரை மணிக்குத்தான் ஞாபகம் வந்தது.

2024 ஏப்ரலில் மகள் வீட்டுக்குப் போனேன். அவளுக்கு இரண்டாவது பிரசவம். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் அவர்கள் இருக்கும் ஊருக்குப் பெயரே ஸ்டேட் காலேஜ். (நம் சொந்தக்காரர்கள் சிலர் இன்னும் அவள் காலேஜ் ஹாஸ்டலில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஊர்ப் பெயர்தான் அது.) பிள்ளையைக் குளிப்பாட்டி, பத்தியச் சமையல் செய்து முடித்தால் சாயங்காலம் எனக்கும் மூத்த பேத்திக்கும் வேலை இல்லை. அவளுக்கு ஒன்பது வயது. பேசினால் பாதி தமிழ், பாதி இங்கிலீஷ். என்னை ஆச்சி என்றுதான் கூப்பிடுவாள்.

பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், அவரும் ஓய்வு பெற்றவர், தனி ஆள். சாயங்காலம் ஆனால் இடுப்பளவு ரப்பர் கால்சட்டையை மாட்டிக்கொண்டு தூண்டிலோடு கிளம்பிவிடுவார். அவர் பிடிப்பது டிரவுட் மீன். பிடித்ததைச் சமைக்கவும் மாட்டார், திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவார். "அப்புறம் எதுக்கு ஆச்சி பிடிக்கிறாரு?" என்று பேத்தி கேட்டாள். எனக்கும் அதே கேள்விதான்.

டிரவுட் என்பது குளிர்ந்த, சுத்தமான தண்ணீரில் இருக்கிற மீன். வெள்ளைக்காரர்கள் நம் நீலகிரிக்கும் கொண்டுவந்து விட்டார்கள். அவலாஞ்சியில் அதற்கு ஒரு குஞ்சு பொரிப்பகமே உண்டு. அதை அவரிடம் சொன்னதும் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். மறுநாள் ஒரு தகரப்பெட்டியைக் கொண்டுவந்து எங்கள் வாசல் படியில் வைத்துத் திறந்தார். உள்ளே வரிசை வரிசையாகப் பூச்சி. தொட்டுப் பார்த்தால் ஒன்றும் உயிர் இல்லை. எல்லாம் கோழி இறகும், நூலும், மான் மயிரும் வைத்துத் தூண்டில் முள்ளில் அவர் கையால் கட்டியது. மண்புழு கிடையாது. இந்த இறகுப் பூச்சியைத் தண்ணீர் மேல் மிதக்கவிட்டால் மீன் உண்மைப் பூச்சி என்று நினைத்துக் கவ்வுமாம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆற்றில் ஒரு வகைப் பூச்சி கூட்டமாக வெளிவரும்போது டிரவுட் பலநேரம் அதை மட்டும்தான் தின்னும். வேறு எதைக் காட்டினாலும் திரும்பிப் பார்க்காது. அதனால் இன்றைக்கு இந்த ஆற்றில் எந்தப் பூச்சி வருகிறது என்று கண்டுபிடிக்கத் தெரியாதவன் வெறுங்கையோடு வர வேண்டியதுதான். இப்படி மீன் பிடிக்கிறவர்களே பூச்சி படிக்க ஆரம்பித்தது பழைய கதை. இங்கிலாந்தில் ஆல்ஃபிரட் ரொனால்ட்ஸ் என்பவர் தூண்டில்காரர்களுக்கென்றே பூச்சியியல் புத்தகம் ஒன்றை 1836-ல் படங்களோடு போட்டிருக்கிறார்.

"நீங்க டீச்சர்தானே, நாளைக்கு வாங்க" என்றார் பெரியவர். போனேன். 65 வயதில் மாணவி ஆனேன்.

அங்கே ஸ்பிரிங் கிரீக் என்று ஒரு ஓடை. சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்து ஊற்றெடுத்து வருவதால் வெயில் காலத்திலும் சில்லென்று இருக்கும். முதல் பாடம் தண்ணீருக்குள். ஒரு கல்லைத் தூக்கித் திருப்பச் சொன்னார். அடிப்பக்கத்தில் தட்டையாக ஒன்று, நண்டு மாதிரி பக்கவாட்டில் நழுவி ஓடியது. மேஃப்ளையின் இளம் பருவம். நம் ஊரில் வீட்டுக்கு ஒன்று இருக்குமே, வெள்ளை பீங்கான் தட்டு, அது மாதிரி ஒன்றில் தண்ணீர் ஊற்றி அதை விட்டோம். மகள் கேக் செய்ய வாங்கி வைத்திருந்த தட்டு. (அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.) ஐஸ் கட்டி வைக்கிற குழித்தட்டு ஒன்றும் கொண்டுபோனோம். ஒவ்வொரு குழியிலும் ஒரு வகையைப் பிரித்துப் போட அதைவிட வசதியானது கிடையாது.

தண்ணீருக்குள் இருக்கும்போது அடையாளம் இப்படி. வயிற்றின் இரண்டு பக்கமும் சின்னச் சின்ன இலை மாதிரி செவுள்கள் இருக்கும். தட்டில் விட்டால் அவை அசைந்துகொண்டே இருப்பது தெரியும். காலின் முனையில் ஒரே ஒரு நகம். வால் பெரும்பாலும் மூன்று. அதே கல்லில் ஸ்டோன்ஃப்ளை என்கிற வேறொரு பூச்சியின் இளசும் இருக்கும். அதற்கு வால் எப்போதும் இரண்டு, கால் முனையில் நகம் இரண்டு, வயிற்றின் ஓரத்தில் அந்த மாதிரி செவுள் வரிசை கிடையாது. மூன்றாவதாக ஒன்று, சிறு கல்லையும் மணலையும் ஒட்டித் தனக்கென்று ஒரு குழாய் வீடு கட்டிக்கொண்டு அதற்குள் இருக்கும். அது கேடிஸ். ஆற்றின் நலம் பார்க்கிறவர்கள் உலகம் முழுக்க இந்த மூன்றையும்தான் முதலில் தேடுகிறார்கள். தண்ணீர் கெட்டால் முதலில் காணாமல் போகிறவற்றில் இவை சேர்த்தி.

மேஃப்ளை இளசிலேயே பல சாதி. வேகமான நீரில் கல்லோடு ஒட்டிக் கிடப்பது தட்டையாக இருக்கும், கண் இரண்டும் தலையின் மேலேயே இருக்கும். மீன் மாதிரி உருண்டையாக, விருட்டென்று நீந்துவது ஒன்று. பாசிக்குள் மெதுவாக ஊர்வது ஒன்று. சேற்றுக்குள் வளை தோண்டி வாழ்வது ஒன்று, அதற்குத் தோண்டுவதற்கென்றே முன்னால் கொம்பு மாதிரி இரண்டு நீட்டிக்கொண்டிருக்கும். எங்கே வாழ்கிறதோ அதற்குத் தக்க உடம்பு. இதை நான் உங்களுக்கு ஒட்டகத்தையும் வாத்தையும் வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். ஊர் ஆற்றில் ஒரு கல்லைத் திருப்பியிருந்தால் போதும்.

இரண்டாவது பாடம் இறக்கை முளைத்த பிறகு. பெரியவர் சொன்ன வரிசையை என் நோட்டில் எழுதி வைத்தேன். அதை அப்படியே தருகிறேன். கரும்பலகையில் எழுதிப்போட்ட மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இறக்கை. உட்கார்ந்திருக்கும்போது எப்படி வைத்திருக்கிறது? பாய்மரப் படகு மாதிரி முதுகுக்கு மேலே நிமிர்த்தி வைத்திருந்தால் மேஃப்ளை. ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி இரண்டு பக்கமும் சரித்து வைத்திருந்தால் கேடிஸ், அதற்கு மீசையும் நீளம். முதுகின் மேல் படுக்கையாக மடித்து வைத்திருந்தால் ஸ்டோன்ஃப்ளை. மேஃப்ளையால் இறக்கையை மடித்துப் படுக்க வைக்கவே முடியாது.

இரண்டாவது வால். இரண்டா மூன்றா என்று எண்ணு. கண்ணை மட்டும் நம்பாதே, வால் சுலபமாக ஒடிந்துவிடும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் அடிப்பக்கம் பார்த்தால் ஒடிந்த இடத்தில் மொட்டை தெரியும்.

மூன்றாவது, பின் இறக்கை. முன் இறக்கை பெரிய முக்கோணம். பின் இறக்கை சின்னது. சில வகையில் கண்ணுக்கே தெரியாத அளவு சின்னது, சில வகையில் இல்லவே இல்லை.

நான்காவது அளவு. வாலைச் சேர்க்காமல் உடம்பை மட்டும் மில்லிமீட்டரில் அள. "கொஞ்சம் பெருசு, கொஞ்சம் சிறுசு" என்று எழுதாதே.

ஐந்தாவது, இறக்கை மங்கலா, கண்ணாடியா? இதைக் கீழே விளக்குகிறேன்.

ஆறாவது தேதி, நேரம், இடம். காலையா அந்தியா, பாறை நீரா சேற்று நீரா.

நிறம் கடைசி. நான் முதலில் நிறத்தைத்தான் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். ஒரே வகை இந்த ஓடையில் ஒரு நிறம், அடுத்த ஓடையில் ஒரு நிறம். வெளிவந்த உடனே வெளிறி இருப்பது ஒரு மணி நேரத்தில் கறுத்துவிடும். விளக்கு வெளிச்சத்தில் எல்லாமே வெள்ளைதான்.

மே மாதம் நடுவில், அந்தி சாய்கிற நேரம், மஞ்சள் பூசின மாதிரி ஒரு பூச்சி நீரிலிருந்து எழும்பி வந்தது. மூன்று வால். தூண்டில்காரர்கள் சல்ஃபர் என்கிறார்கள், கந்தக நிறம் என்பதால். ஆனால் அந்த ஒரே பெயருக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. நம் ஊரில் ஒரே மீனுக்கு ஊருக்கு ஒரு பெயரும், இரண்டு மீனுக்கு ஒரே பெயரும் இருக்கிறதில்லையா, அதே குழப்பம் அங்கேயும். அதனால்தான் லத்தீன் பெயர். இறக்கையில் பழுப்புப் புள்ளிகளோடு வால் இரண்டே இரண்டாக வந்தது மார்ச் பிரவுன். பெயரில்தான் மார்ச், நாங்கள் பார்த்தது மே கடைசியில். பெயரை நம்பாமல் பூச்சியைப் பார் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டாம்.

பெரியவரும் எல்லாவற்றுக்கும் பெயர் சொல்லிவிடமாட்டார். சில பூச்சிகளைப் பார்த்துவிட்டு, "குடும்பம் வரைக்கும் சொல்லலாம், அதற்கு மேல் எனக்குத் தெரியாது" என்பார். இனம் உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் முழு வளர்ச்சியடைந்த ஆண் பூச்சியின் பின்பகுதியை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும் என்றார். ஐம்பது வருடம் பார்த்த மனுஷன் தெரியாது என்று சொல்வதை நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். வகுப்பறையில் என் 34 வருட சர்வீஸில் அந்த வார்த்தையை எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? கை விரல் போதும் எண்ணிவிடலாம்.

இப்போது அந்த மங்கல், கண்ணாடி விஷயம். ஒரு சல்ஃபர் பூச்சியைக் கண்ணாடி ஜாடியில் விட்டு, மேலே கொசுவலைத் துணி கட்டி, பேத்தி தன் மேஜையில் வைத்தாள். மறுநாள் காலை, "ஆச்சி! ரெண்டு இருக்கு!" என்று கத்தினாள். ஓடிப்போய்ப் பார்த்தால் ஒன்று பூச்சி, மற்றது அதன் தோல். பாம்பு சட்டை உரிக்கிற மாதிரி முழுசாக உரித்திருக்கிறது. வாலுக்கும் உறை, இறக்கைக்கும் உறை. உரித்து வந்த பூச்சியின் இறக்கை பளிங்கு மாதிரி இருந்தது. உலகத்தில் பறக்கும் இறக்கை வந்த பிறகும் இன்னொரு தடவை தோல் உரிக்கிற பூச்சி மேஃப்ளை மட்டும்தான். முதலில் வருவது மங்கல் இறக்கை, இரண்டாவது கண்ணாடி இறக்கை. அதற்குப் பிறகுதான் இணை சேரும். ஆணுக்குக் கண் பெரிது, முன்னங்கால் நீளம். சில வகை ஆணுக்குக் கண் தலைப்பாகை கட்டின மாதிரி மேலே எழும்பி இருக்கும்.

இந்தப் பருவத்தில் அது சாப்பிடாது. வாய் வேலை செய்யாது. இணை சேர்ந்து, தண்ணீரில் முட்டையிட்டு, அதே தண்ணீரில் விழுந்துவிடும். டோலானியா அமெரிக்கானா என்று ஒன்று, அதன் பெண் பூச்சி இறக்கையோடு ஐந்து நிமிடம்கூட இருப்பதில்லை. ஆனால் "ஒரு நாள் பூச்சி" என்று நான் சொல்லிக்கொடுத்ததும் பாதி உண்மைதான். இறக்கையோடு இருப்பதுதான் கொஞ்ச நேரம். அதற்கு முன்னால் தண்ணீருக்கடியில் மாதக் கணக்கில், சில வகை இரண்டு வருடம், தின்று வளர்ந்து பல தடவை தோல் உரித்து வாழ்ந்திருக்கிறது. அதை நாம் பார்க்கவில்லை என்பதற்காக வாழவில்லை என்று ஆகிவிடுமா?

ஜூன் முதல் வாரம் பெரியவர் எங்களை பென்ஸ் கிரீக் என்ற ஆற்றுக்குக் கூட்டிப்போனார். மாப்பிள்ளை கார் ஓட்டினார். கிரீன் டிரேக் என்கிற பெரிய மேஃப்ளை வருடத்தில் அந்தச் சில நாள்தான் வரும். அதற்காகவே எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து கூடாரம் போட்டிருந்தார்கள். நம் ஊர்த் திருவிழாவுக்கு வண்டி கட்டி வருவது மாதிரி. லத்தீனில் எஃபிமெரா குட்டுலாட்டா. சேற்றுக்குள் வளை தோண்டி வளர்கிற சாதி. மரத்து இலைகளுக்கடியில் இரண்டொரு நாள் காத்திருந்து தோல் உரித்தவை, இருட்டுகிற நேரத்தில் கூட்டமாக ஆற்றுக்கு மேலே இறங்கின. இப்போது உடம்பு சுண்ணாம்பு வெள்ளை. காரின் கூரையிலும் போய் உட்கார்ந்தன. தார் ரோடும் கார் கூரையும் வெளிச்சத்தைத் திருப்பி விடுகிற விதம் தண்ணீரைப் போலவே இருப்பதால் மேஃப்ளைகள் ஏமாந்துபோய் அங்கேயே முட்டை இட்டுவிடுமாம். ஆற்றில் சளப் சளப் என்று மீன் வாய் திறக்கிற சத்தம்.

ஒன்று வந்து என் சேலை முந்தானையில் உட்கார்ந்தது. பேத்தி டார்ச்சைக் காட்டினாள். இறக்கை நிமிர்ந்து நிற்கிறது. "கவுன்ட் பண்ணு ஆச்சி" என்றாள். ஒன்று, இரண்டு, மூன்று.

"மூணு வால் டீச்சர், எண்ணிப் பாருங்க."

அந்தக் குரல் அப்படியே காதில் கேட்டது. பையனின் முகம், தீப்பெட்டி, ஜன்னல், எல்லாம். நான் எண்ணவே இல்லையே! பத்து வயதுப் பிள்ளை வாழ்விடத்தைச் சொன்னான், வாலைச் சொன்னான், ஈசலோடு ஒப்பிட்டு வித்தியாசம் சொன்னான். பெரியவர் எனக்கு ஒரு மாதம் எடுத்த பாடத்தை அவன் ஒரே மூச்சில் சொல்லிவிட்டான். அதற்கு நான் கொடுத்த மார்க் இரண்டு அடி. பேத்தி, "ஏன் ஆச்சி அழறே?" என்று கேட்டாள். கண்ணில் பூச்சி விழுந்துவிட்டது என்றேன்.

ஈசலையும் இங்கே சொல்லிவிடுகிறேன், கணக்கு முடியட்டும். ஈசல் என்பது இறக்கை முளைத்த கறையான். மழை பெய்ததும் புற்றிலிருந்து வரும். நாலு இறக்கையும் கிட்டத்தட்ட ஒரே அளவு, உடம்பைவிட நீளம், உட்கார்ந்தால் முதுகின் மேல் படுக்கையாகக் கிடக்கும். வால் கிடையாது. இறக்கையை உதிர்த்துவிடும், காலையில் வாசலில் நாம் பெருக்கித் தள்ளுவது அதைத்தான். பெரும்பாலானவை அன்றைக்கே காக்கைக்கும் பல்லிக்கும் நம் வறுசட்டிக்கும் போய்விடும். தப்பிப் பிழைத்த ஒரு ஜோடி புதுப் புற்றுக்கு ராஜா ராணி. ராணி பத்து வருடத்துக்கு மேலும் இருக்கும். ஆக, ஒரு நாள் ஆயுசு என்று நான் சொன்னது ஈசலுக்கும் பொருந்தவில்லை.

அக்டோபரில் ஊருக்குத் திரும்பினேன். முதல் வேலையாகப் பாபநாசத்துக்குப் போய், படித்துறைக்கு மேலே தண்ணீர் ஓடுகிற இடத்தில் ஒரு கல்லைத் திருப்பிப் பார்த்தேன். குளிக்க வந்தவர்கள் மோதிரம் விழுந்துவிட்டதா அம்மா என்று விசாரித்தார்கள். தட்டையாக ஒன்று பக்கவாட்டில் நழுவியது. மூன்று வால், ஓரத்தில் செவுள். பிறந்ததிலிருந்து குளித்த ஆறு.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளின் மேஃப்ளைகளை மதுரைக் கல்லூரிப் பேராசிரியர் கே.ஜி. சிவராமகிருஷ்ணன் பல வருடம் ஆராய்ந்திருக்கிறார். 1984-ல் அவர் பெயரிட்ட ஒரு பூச்சியின் பெயர் பெடெர்சூலா கோர்டாலென்சிஸ். நம் குற்றாலத்தின் பெயர்தான்! நான் உங்களைக் குற்றாலத்துக்குச் சுற்றுலா கூட்டிப்போய் அருவியைக் காட்டிவிட்டுக் கூட்டிவந்த அதே வருடங்களில், பக்கத்தில் ஒருவர் கல்லைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

அந்தப் பையனைக் கண்டுபிடிக்க ஆறு மாதம் ஆனது. உங்களில் ஒருவர்தான் நம்பர் வாங்கித் தந்தீர்கள். கோயம்புத்தூரில் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறான். அவன் மகளே இப்போது காலேஜ். இரண்டு நாள் யோசித்துவிட்டுப் போன் செய்தேன். "டீச்சரா! நல்லா இருக்கீங்களா டீச்சர்?" என்றான். நான் தயார் செய்து வைத்திருந்ததை ஒப்பித்தேன். தீப்பெட்டி, மூணு வால், அடிஸ்கேல், மன்னிச்சுக்கோப்பா.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சிரித்தான். "எனக்கு அப்படி ஒண்ணு நடந்ததே ஞாபகம் இல்ல டீச்சர். நீங்க எல்லாரையும்தானே அடிச்சீங்க" என்றான்.

கேலியாகச் சொல்லவில்லை. எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னான். அந்த வார்த்தை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. நான் ஒரு பையனிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். கணக்கு அவ்வளவு சின்னது இல்லை என்று அவன் சொல்லிவிட்டான்.

பூச்சி ஞாபகம் இருந்தது அவனுக்கு. "அது வந்தா கெண்டை எல்லாம் மேல வரும் டீச்சர். எங்கப்பா அன்னிக்குத் தூண்டில எடுத்து வச்சுட்டு வலைய எடுத்துட்டுப் போவாரு. எத்தன மணிக்கு வரும், எந்த மடுவுல வரும், எல்லாம் கரெக்டா சொல்லுவாரு" என்றான். அவன் அப்பா ஆற்றில் மீன் பிடித்துப் பிழைத்தவர். பள்ளிக்கூடத்து வாசலில் கைலியோடு நிற்பார், உள்ளே வரமாட்டார். பென்சில்வேனியாவில் தகரப்பெட்டியோடு ஒருத்தர் வந்தபோது நான் நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு போனேன். என் பள்ளிக்கூட வாசலில் அதே பாடம் தெரிந்த ஒருத்தர் நின்றிருக்கிறார், உள்ளே வாங்க என்று நான் ஒரு நாள் சொன்னதில்லை.

"அப்பா அதை என்னன்னு சொல்லுவாரு? அதுக்குப் பேரு என்ன?" என்று கேட்டேன்.

"ஏதோ பேரு சொல்லுவாரு டீச்சர்... நாக்கு நுனில நிக்குது. வரமாட்டேங்குது. அப்பா போயி பதினோரு வருஷம் ஆச்சு."

அதற்கு மேல் இரண்டு பேராலும் பேச முடியவில்லை. வைக்கும்போது அவன்தான் கேட்டான், "அப்போ அது என்ன பூச்சி டீச்சர்?" என்று. மேஃப்ளை என்றேன். எந்த மேஃப்ளை என்றான். தெரியாதுப்பா என்றேன். "நீளம் எத்தன மில்லின்னு தெரிஞ்சா சொல்லிரலாமா?" என்று கேட்டான், லேத்காரன் அல்லவா! அடுத்த தடவை ஊருக்கு வரும்போது வெர்னியர் கொண்டு வருகிறானாம்.

பிள்ளைகளா, உங்களிடம் இரண்டு விஷயம் கேட்கிறேன். ஆற்றங்கரை ஊர்களில் இருப்பவர்கள், விளக்கடியில் அடுத்த தடவை இந்தப் பூச்சியைப் பார்த்தால் பக்கவாட்டில் ஒரு படம் எடுங்கள். இறக்கையும் வாலும் தெரிய வேண்டும், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள். தேதி, நேரம், இடம் எழுதி அனுப்புங்கள். எனக்குத் தெரிந்தால் சொல்கிறேன். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று அவசரம். உங்கள் ஊரில் ஆற்று மீன் பிடித்த பெரியவர்கள், எழுபது எண்பது வயதுக்காரர்கள், இன்னும் இருப்பார்கள். அவர்களிடம் போய் உட்கார்ந்து, படத்தைக் காட்டி, "தாத்தா, இதுக்கு என்ன பேரு?" என்று கேளுங்கள். அந்தப் பெயர் ஒரு வீட்டில் 1991-ல் இருந்தது. நான் கேட்டிருந்தால் மறுநாளே எழுதி வைத்திருக்கலாம். வேறு ஏதாவது ஒரு திண்ணையில் இன்னும் இருக்கும் என்று நம்புகிறேன். அவர்கள் சொல்வதை அப்படியே, திருத்தாமல், கீழே எழுதுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்